சீஷனாக வளர்வதும் பிறர் வளர உதவுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞானஸ்நானம் எடுத்து ஓரிரு ஆண்டு ஆனவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் சில. 'இந்தத் தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று போதகர் சொல்லிவிட்டுப் போக, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள் கேட்டவை சில. சில விடைகள் நீளமாக இருக்கும். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். வசன எண்களைத் தந்திருக்கிறேன். வேதாகமத்தைத் திறந்து, நான் சொல்வது சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுலையே அப்படிச் சோதித்தார்கள் (அப்போஸ்தலர் 17:11), நான் எம்மாத்திரம்.

விசுவாசி, சீஷன் இரண்டும் ஒன்றுதானா?

புதிய ஏற்பாட்டைப் பொறுத்தவரை ஒன்றுதான். 'கிறிஸ்தவன்' என்ற சொல் அதில் மூன்றே இடங்களில் வருகிறது. 'சீஷன்' என்பதற்குரிய கிரேக்கச் சொல்லோ நான்கு சுவிசேஷங்களிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலுமாக சுமார் 260 முறை வருகிறது. அந்தியோகியாவில் முதன்முதல் 'கிறிஸ்தவர்கள்' என்று பெயர் வாங்கியவர்கள் ஏற்கெனவே சீஷர்கள் (அப்போஸ்தலர் 11:26). விசுவாசி என்பது சாதாரண வகுப்பு, சீஷன் என்பது முதல் வகுப்பு என்று நாம்தான் பிற்பாடு பிரித்துக்கொண்டோம். சிலுவை சுமப்பதைப் பற்றிய வசனங்களை ஊழியக்காரர்கள் பக்கம் தள்ளிவிட்டு நாம் நிம்மதியாக உட்கார அது நல்ல வசதி.

அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் கற்றுக்கொள்பவன் என்று பொருள். அன்றைய கற்றல் என்பது குருவின் பின்னே நடப்பது, அவர் பந்தியில் உட்காருவது, அவர் கோபப்படும்போதும் களைத்துப்போகும்போதும் பக்கத்தில் இருப்பது. பன்னிருவரைத் தெரிந்தெடுத்ததற்கு மாற்கு சொல்லும் முதல் காரணம், அவர்கள் 'தம்மோடுகூட இருக்க' வேண்டும் என்பது (மாற்கு 3:14). பிரசங்கம் பண்ண அனுப்புவது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இந்த வரிசையில் இருக்கிறது. முதலில் கூட இருத்தல். மற்றவை அதன் பிறகு.

இரட்சிப்பு கிருபை என்றால், நான் ஏன் முயற்சி செய்ய வேண்டும்?

பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று முதல் வசனம். தேவனே உங்களுக்குள் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறார் என்று அடுத்தது. இரண்டுக்கும் நடுவில் பவுல் வைத்திருக்கும் இணைப்புச் சொல் 'ஏனெனில்'. அவர் உழைக்கிறார், ஆகையால் நாமும் உழைக்கிறோம்.

முயற்சி செய்வது வேறு, சம்பாதிப்பது வேறு. கிருபைக்குப் பகை சம்பாதிப்பதுதான். தாய்ப்பாலைக் குழந்தை சம்பாதிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து உறிஞ்சியாக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கவா?

ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி லேவியராகமத்தில் கரை ஒதுங்கியவர்களின் எண்ணிக்கை கடற்கரை மணலைப் போன்றது. புதியவர்களுக்கு நான் சொல்வது, மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே. 16 அதிகாரங்கள்தான். நான்கில் மிகச் சிறியது. ஓட்டமும் வேகமாக இருக்கும். அதை முடித்தபின் மத்தேயு 5, 6, 7 அதிகாரங்களில், அதாவது மலைப்பிரசங்கத்தில், ஒரு மாதம் தங்குங்கள். ஒரு மாதம் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஒரே வாரத்தில் வாசித்துவிடலாம்தான், அவற்றின்படி நடக்க முயலாவிட்டால்.

கணக்கு விரும்புகிறவர்களுக்கு: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 52 வாரத்தில் முடிந்துவிடும். விட்டுப்போனதை ஈடுசெய்ய வாரத்தில் இரண்டு நாள் மீதி. முழு வேதாகமத்திலும் 1,189 அதிகாரங்கள். அதை ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். முடிப்பது நல்லது. ஆனால் முடித்தவர்களில் எத்தனை பேரால் முந்தைய நாள் வாசித்தது என்னவென்று சொல்ல முடிகிறது என்று கேட்டுப் பார்த்தால் தெரியும்.

அதுதான் என் பிரச்சினை. வாசிக்கிறேன், மனதில் நிற்பதில்லை.

மனதில் நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம் ஞாபக சக்தி இல்லை. வாசித்ததைக் கொண்டு அன்று எதையும் செய்யவில்லை என்பதே. செய்தது மறக்காது.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வாசித்த பகுதியிலிருந்து மூன்றே வரி எழுதுங்கள்: இங்கே தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், எனக்கு இங்கே என்ன சொல்லப்படுகிறது, இன்று மாலைக்குள் நான் என்ன செய்வேன். மூன்றாவது வரி குறிப்பாக இருக்க வேண்டும். 'அன்பாக இருப்பேன்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. 'தம்பியிடம் பேசாமல் இருக்கிறேன். இன்று நானே கூப்பிட்டுப் பேசுவேன்' என்று எழுதினால், மாலையில் அந்த வரி உங்களைப் பார்த்து முறைக்கும்.

மனப்பாடத்தையும் ஏளனம் செய்யாதீர்கள். வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு மூன்று முறையும் விடையளித்தது உபாகமத்திலிருந்து. சிலுவையில் அவர் வாயில் வந்தது சங்கீதம். அந்த வேளைகளில் சுருளைத் தேடி எடுக்க முடியாது.

ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. வறண்டு கிடக்கிறேன். என்ன தவறு?

தவறு எதுவும் இல்லாமலும் இருக்கலாம். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பியபோது தேவன் அவனுக்கு முதலில் உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டார், சாப்பிட வைத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிட வைத்தார் (1 இராஜாக்கள் 19). பேச்சு அதற்குப் பிறகுதான். ஆவிக்குரிய வறட்சி என்று நாம் பெயர் வைப்பதில் கணிசமான பங்கு தூக்கமின்மை. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருள் சூழ்ந்தாற்போல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உடம்பு நன்றாக இருந்தும் சொற்கள் வரவில்லையா? கடன் வாங்குங்கள். சங்கீதங்கள் 150 இருப்பது அதற்குத்தான். அவற்றில் புலம்பல்கள் மிகுதி. 88ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். கடைசி வரைக்கும் ஒரு நம்பிக்கை வார்த்தை வராமல், இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தை வேதாகமத்தில் சேர்த்து வைத்தவர் நம் வறட்சியைக் கண்டு திடுக்கிடமாட்டார். சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். ஒரு வரி உங்களுடையதாகப் பட்டால் அங்கே நின்று சொந்தச் சொற்களில் தொடருங்கள். ஒன்றும் தைக்கவில்லை என்றால் முடித்துவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள். நாளையும் உட்காருங்கள்.

அதே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். நான் உண்மையிலேயே சீஷன்தானா?

பேதுருவின் வாழ்க்கையைத் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள். இயேசுவோடு நடந்தவர். வேலைக்காரி ஒருத்தியின் கேள்விக்குப் பயந்து மறுதலித்தவர். கடற்கரையில் கரிநெருப்பின் அருகே திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பேசியவர். கொர்நேலியுவின் வீட்டில், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று வாயாலேயே அறிக்கையிட்டவர். இத்தனைக்கும் பிறகு அந்தியோகியாவில், மனிதருக்குப் பயந்து, புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டிக்க வேண்டியதாயிற்று (கலாத்தியர் 2:11-14). வேலைக்காரியின் முன் வந்த பயம்தான், வேறு உடுப்பில் வந்திருக்கிறது. அதற்காகப் பேதுரு சீஷன் இல்லை என்று ஆகிவிடவில்லை.

ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். விழுந்தபின் எங்கே போகிறீர்கள்? ஒளிந்துகொள்கிறீர்களா, அவரிடம் வருகிறீர்களா? யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் விழுந்தவர்கள். இருவரும் மனம் கசந்தவர்கள். ஒருவர் தனியே போனார். மற்றவர் மற்ற சீஷர்கள் இருந்த இடத்துக்குத் திரும்பினார்.

நடைமுறையில் ஒன்று சொல்வேன். நம்பத்தக்க ஒருவரிடம் அந்தப் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள் (யாக்கோபு 5:16). 'என் பலவீனத்துக்காக ஜெபியுங்கள்' என்று பொதுவாகச் சொல்வது அறிக்கையில் சேராது. அந்தப் பாவம் எந்த நேரத்தில், எந்த அறையில், எந்த மனநிலையில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரகசியம்தான் அதற்குச் சோறு போடுகிறது.

சபைக்குப் போகாமல், வீட்டிலேயே செய்தி கேட்டு வளர முடியாதா?

செய்தி கேட்கலாம். பொறுமையை எங்கே கற்பீர்கள்? உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சுருதி தவறிப் பாடும்போதுதான் அந்தப் பாடம் தொடங்குகிறது. 'ஒருவருக்கொருவர்' என்று புதிய ஏற்பாடு சொல்லும் கட்டளைகளில் எதையும் தனியாக உட்கார்ந்து நிறைவேற்ற முடியாது. சபையில் காயப்பட்டு வெளியே நிற்கிறவர்களுக்கு இதைக் கடிந்து சொல்ல மாட்டேன். அவர்கள் முதலில் இரண்டு மூன்று பேரோடு ஒரு மேசையைச் சுற்றி உட்காரட்டும்.

சிறு குழுக்களின் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க, சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்களை நியமித்தார்கள். வீடு வீடாகக் காசு வாங்கப் போனவர்களுக்கு, அந்த வீடுகளில் மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியவந்தது. வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூலுக்கு வந்த ஏற்பாடு, ஆத்துமாவை விசாரிக்கும் வாராந்தர வகுப்பாக மாறியது. மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பே அந்த வகுப்புகள்தான்.

நான் வளர்கிறேன் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். கேட்கத் துணிவு வேண்டும். ஆவியின் கனி என்று கலாத்தியர் 5:22, 23 சொல்லும் ஒன்பதில் எதுவும் மேடையில் தெரியக்கூடியது இல்லை. அன்பு, நீடிய பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் எல்லாம் சமையலறையிலும், தாமதமான வேலையிலும், பணம் கைமாறும் இடத்திலும் தெரிபவை.

ஆதிச் சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் ஒரு பழைய நூல் உண்டு. பொதுவாக 3ஆம் நூற்றாண்டோடும் ரோமாபுரியின் ஹிப்பொலித்துவோடும் தொடர்புபடுத்தப்படுவது. ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று ஆண்டு வசனம் கேட்க வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்கவில்லை; ஒருவன் ஊக்கமாக இருந்தால் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கலாம் என்றும் சொல்கிறது. ஞானஸ்நான வேளை நெருங்கியபோது அவர்கள் விசாரித்தது எதை? விதவைகளைக் கனம்பண்ணினாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா, நற்கிரியை செய்தாரா என்பதை. அதுவும் அவரிடம் கேட்கவில்லை, அவரை அழைத்து வந்தவரிடம் கேட்டார்கள். இந்த விசாரணையை இன்று வைத்தால் நம்மில் பலர் வரிசையிலேயே நின்றுகொண்டிருப்போம்.

மற்றவர்களைச் சீஷராக்குவது போதகர்களின் வேலை அல்லவா?

இங்கே தமிழ் வாசகர்களுக்கென்றே ஓர் இலக்கணச் செய்தி இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 28:19, 20 இப்படி ஓடுகிறது: புறப்பட்டுப்போய், சீஷராக்கி, ஞானஸ்நானங்கொடுத்து, உபதேசம்பண்ணுங்கள். முதல் மூன்றும் வினையெச்சங்கள். 'உபதேசம்பண்ணுங்கள்' மட்டுமே வினைமுற்று. ஆகவே நம் காதில் கட்டளையின் முழு எடையும் உபதேசத்தின்மேல் விழுகிறது. உபதேசம் என்றதும் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருகின்றன. அது நம் வேலை இல்லை என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

கிரேக்க மூலத்தில் இது வேறு மாதிரி. ஏவல் வினை ஒன்றுதான், அது 'சீஷராக்குங்கள்'. போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, போதிப்பது மூன்றும் அதைச் சார்ந்து நிற்பவை. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாக்கியத்தின் கடைசியில் வினைமுற்று வந்தாக வேண்டிய மொழி நம்முடையது. ஆனால் எடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அதே வசனத்தில் இன்னொரு சொல்: 'கைக்கொள்ளும்படி'. கட்டளைகளை அறிந்துகொள்ளும்படி என்று இல்லை. கையில் எடுத்துக்கொள்ளும்படி. ஒருவரைக் கைக்கொள்ள வைக்க வேண்டும் என்றால் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நாம் இருக்க வேண்டும்.

நானே அரைகுறை. நான் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

முழுமையடைந்தவர்களுக்காகக் காத்திருந்தால் சபை முதல் நூற்றாண்டைத் தாண்டியிருக்காது. உங்களுக்கு ஓர் அடி பின்னால் இருப்பவருக்கு, நீங்கள் நேற்றுக் கடந்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும். பல ஆண்டு முன்னே போய்விட்டவருக்கு அந்தப் பள்ளம் மறந்தே போயிருக்கும்.

பர்னபாவைப் பாருங்கள். யோசே என்பது அவர் பெயர். ஆறுதலின் மகன் என்ற பொருளில் அப்போஸ்தலர்கள் வைத்த பெயர் பர்னபா (அப்போஸ்தலர் 4:36). சவுலைக் கண்டு எருசலேமில் எல்லாரும் பயந்தபோது கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றவர் அவர். பின்பு அந்தியோகியாவில் வேலை பெருகியபோது தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிப் பிடித்து வந்தார். இருவரும் ஓராண்டு முழுவதும் சேர்ந்து உபதேசித்தார்கள். பர்னபா எழுதியதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு வரிகூட இல்லை. அவர் கைபிடித்து அழைத்து வந்தவரின் பெயரில் 13 நிருபங்கள் இருக்கின்றன.

சரி, ஒருவரோடு எப்படித் தொடங்குவது? முதல் சந்திப்பில் என்ன பேசுவது?

முதலில் அவர் விரும்புகிறாரா என்று கேளுங்கள். யாரோ சொன்னதற்காக வந்து உட்கார்ந்தவரோடு மூன்று வாரத்துக்கு மேல் ஓடாது. பிறகு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம், எத்தனை மாதம் என்பதை வெளிப்படையாகப் பேசி முடிவுசெய்யுங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம், அதன்பின் இருவரும் சேர்ந்து யோசிக்கலாம் என்று நான் சொல்வது வழக்கம். முடிவு தேதி இருந்தால் இருவருக்கும் மூச்சு விட இடம் இருக்கும்.

முதல் சந்திப்பில் பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள். கதை கேளுங்கள். எங்கே பிறந்தீர்கள், வீட்டில் யார் யார், இயேசுவை எப்படி அறிந்தீர்கள், இப்போது எது பாரமாக இருக்கிறது. எம்மாவு வழியில் உயிர்த்தெழுந்த கர்த்தர் அந்த இருவரிடம் முதலில் கேட்டது கேள்வி. நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டார், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை (லூக்கா 24:17-24). வேதவாக்கியங்களை விளக்கியது அதற்குப் பிறகுதான்.

என் பழைய தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் முதன்முதல் வழிநடத்தத் தொடங்கிய இளைஞரிடம் பதினெட்டு வாரம் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு வாரமும் தயாரித்துக்கொண்டு போவேன், அவர் தலையாட்டுவார். பத்தொன்பதாவது வாரம் அவர் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த மாதங்கள் முழுக்க அவருடைய அப்பா வேலையின்றி வீட்டில் இருந்திருக்கிறார், வீட்டில் தினமும் சண்டை. நான் ஒரு முறைகூட 'வீட்டில் எப்படி?' என்று கேட்கவில்லை. தேவனுடைய பண்புகளைப் பற்றி அழகான குறிப்புகள் மட்டும் என்னிடம் மிஞ்சின.

இப்போது எங்கள் ஒரு மணி நேரம் ஏறத்தாழ இப்படிப் போகும்: சென்ற வாரம் எப்படிப் போயிற்று, செய்வதாகச் சொன்னது என்ன ஆயிற்று, ஒரு வேதப்பகுதியைச் சேர்ந்து வாசித்து அவர் முதலில் பேசுவது, ஜெபம். சில வாரம் முதல் கேள்வியிலேயே நேரம் முடிந்துவிடும். முடியட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியிலும் அவர் உங்களைப் பார்க்க வேண்டும்: ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுங்கள். பிள்ளைகளிடம் நீங்கள் கத்திவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்பதை அவர் பார்த்தால் அதுவும் பாடம்தான். சுவிசேஷத்தோடு எங்கள் உயிரையும் உங்களுக்குக் கொடுக்க மனதாயிருந்தோம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 2:8); தன்னைப் பால் கொடுக்கும் தாய்க்கும் புத்தி சொல்லும் தகப்பனுக்கும் ஒப்பிட்டதும் அதே அதிகாரத்தில்தான்.

எத்தனை பேரை ஒரே நேரத்தில்?

இயேசுவே பன்னிருவரோடு நின்றார். அவர்களிலும் மூவரை மட்டும் மலைக்கும், கெத்செமனே தோட்டத்தில் சற்று அப்பாலும் அழைத்துப் போனார். நமக்கு ஒன்றோ இரண்டோ போதும். 2 தீமோத்தேயு 2:2இல் ஒரே வசனத்துக்குள் நான்கு தலைமுறை இருக்கிறது: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனிதர்கள், அவர்களால் போதிக்கப்படும் மற்றவர்கள். எண்ணிக்கை அந்த வழியில் பெருகும்.

ஆண் பெண்ணையும், பெண் ஆணையும் தனியாக வழிநடத்தலாமா?

தனியாக, தொடர்ச்சியாக என்றால் வேண்டாம் என்பது என் கருத்து. அதே நேரம் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சேர்ந்தே அப்பொல்லோவைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாக விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). அப்பொல்லோ சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர். அவருக்கு ஒரு கணவனும் மனைவியும் ஆசிரியர்கள். அந்த வழி திறந்தே இருக்கிறது.

அவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால்?

'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். பிறகு உண்மையிலேயே பாருங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால் அவர் பிற்பாடு கண்டுபிடிப்பார். அன்று நீங்கள் சரியாகச் சொன்னவற்றையும் சேர்த்துச் சந்தேகிப்பார்.

அவருடைய திருமணம், வேலை, பணம் போன்றவற்றில் நான் எவ்வளவு தூரம் சொல்லலாம்?

இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும். கேட்காதவர்களால்தான் ஆபத்து.

1970களில் அமெரிக்காவில் 'மேய்ப்பு இயக்கம்' என்று அழைக்கப்பட்ட ஒன்று எழுந்தது. ஒவ்வொரு விசுவாசிக்கும் மேலே ஒரு மேய்ப்பர், அவருக்கு மேலே இன்னொருவர். நோக்கம் நல்லது; ஆழமான சீஷத்துவம் வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். ஆனால் எங்கே வேலை செய்வது, யாரைத் திருமணம் செய்வது என்பதற்கெல்லாம் மேலே இருப்பவரின் சம்மதம் கேட்கும் நிலை பல இடங்களில் வந்தது. மனிதர்கள் நொறுங்கினார்கள். தலைமையில் இருந்தவர்களில் சிலர் பிற்காலத்தில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்கள்.

இயேசு இதை முன்பே அடைத்து வைத்திருந்தார்: நீங்கள் ரபீ என்று அழைக்கப்படாதிருங்கள், உங்களுக்குப் போதகர் ஒருவரே, நீங்கள் எல்லாரும் சகோதரர்கள் (மத்தேயு 23:8). பேதுருவும் மூப்பர்களுக்கு எழுதும்போது, சுதந்தரத்தை, அதாவது உங்களிடம் ஒப்புவிக்கப்பட்டவர்களை, இறுமாப்பாய் ஆளாதீர்கள், மாதிரிகளாக இருங்கள் என்றார் (1 பேதுரு 5:3). அந்த மனிதர் உங்களுடைய சீஷன் அல்ல. இயேசுவின் சீஷன், உங்களோடு கொஞ்ச தூரம் நடக்கிறார், அவ்வளவுதான்.

வேதம் தெளிவாகப் பாவம் என்று சொல்வதைப் பாவம் என்று சொல்லத் தயங்காதீர்கள். தனியாக, தாழ்மையோடு சொல்லுங்கள். மற்றவற்றில் கேள்வி கேளுங்கள், உங்கள் கருத்தைக் கருத்து என்றே சொல்லுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். 'கர்த்தர் எனக்குச் சொன்னார், நீ இந்த வேலையை விட வேண்டும்' என்ற வாக்கியத்தை நீங்களும் சொல்லாதீர்கள், உங்களிடம் சொல்பவரையும் உடனே நம்பாதீர்கள். அவரிடம் கடன் வாங்காதீர்கள்; உங்கள் வீட்டு வேலையை அவர்மேல் சுமத்தாதீர்கள். வேறு மூத்தவர்களிடம் அவர் ஆலோசனை கேட்டால் உங்களுக்கு மனம் சுருங்குகிறதா என்று கவனியுங்கள். சுருங்கினால் ஜெபிக்க வேண்டியது உங்களுக்காக.

அவர் என்னிடம் சொன்னதைப் போதகரிடம் சொல்லலாமா?

அவருடைய அனுமதி இல்லாமல் கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் கூடாது. புறணி மிக அதிகமாக அணியும் உடை அதுதான். ஒரே விலக்கு: யாருடைய உயிருக்காவது ஆபத்து, அல்லது ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்றால் மறைக்கக் கூடாது, சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாக வேண்டும். இந்த விலக்கை முதல் சந்திப்பிலேயே அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

என் பிள்ளைகளைச் சீஷராக வளர்ப்பது எப்படி?

வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பேசுங்கள் என்கிறது உபாகமம் 6:7. அதாவது தனி நேரம் ஒதுக்கியும், ஒதுக்காமலும். தீமோத்தேயுவின் விசுவாசத்துக்குப் பவுல் காட்டும் வேர், பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் (2 தீமோத்தேயு 1:5). தகப்பன் கிரேக்கன் என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லப்படவில்லை. ஒரு பக்கம் மட்டும் விசுவாசம் உள்ள வீடுகளில் இருக்கும் தாய்மாரிடம் இதை நான் பல முறை சொல்லியிருக்கிறேன்.

ஓராண்டு உழைத்தேன். அவர் விசுவாசத்தை விட்டே போய்விட்டார். நான் எங்கே தவறினேன்?

தவறியும் இருக்கலாம், தவறாமலும் இருக்கலாம். பணக்கார வாலிபனை இயேசு பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார் (10:21, 22); ஆனாலும் அவன் துக்கத்தோடு போனபோது துரத்திக்கொண்டு ஓடவில்லை. அவரிடம் போதிக்கும் திறமை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டோம்.

2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்த இரண்டு வசனங்கள் இருக்கின்றன. பத்தாவதில், தேமா இவ்வுலகத்தை ஆசைப்பட்டு என்னை விட்டுப் போனான் என்கிறார் பவுல். பதினோராவதில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இந்த மாற்கு யார்? பல ஆண்டு முன்பு பாதி வழியில் விட்டுத் திரும்பியவன். அவனைச் சேர்த்துக்கொள்ளவே கூடாது என்று பவுல் பர்னபாவோடு கடுமையாகச் சண்டையிட்டுப் பிரிந்தது அவனை முன்னிட்டுத்தான் (அப்போஸ்தலர் 15:37-39). பர்னபா அவனைத் தன்னோடு கப்பலேற்றிக்கொண்டு சீப்புருதீவுக்குப் போனார். ஒருவன் போனான், ஒருவன் போய்த் திரும்பினான். போகும்போது இருவரும் ஒரே மாதிரிதான் தெரிந்திருப்பார்கள்.

ஆகவே கதவை அறையாதீர்கள். அவருடைய பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். வசனம் அனுப்பி நச்சரிக்காதீர்கள். நலமா என்று கேளுங்கள். அவர் பெயர் உங்கள் ஜெபப் பட்டியலில் இருக்கட்டும்.

இரவும் பகலும் கவலையாக இருக்கிறது. இவர்கள் வளர்வார்களா?

மாற்கு 4:26-29இல் ஒரு சிறிய உவமை உண்டு. மற்ற சுவிசேஷங்களில் இல்லை. ஒருவன் விதைக்கிறான். இரவில் தூங்கி, பகலில் விழிக்கிறான். அவனுக்குத் தெரியாமலே விதை முளைத்து வளர்கிறது. தூங்குகிறான் என்று இயேசு சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிறவனுடைய நிலத்தில் ஒன்றும் முளைக்காது.

இந்த உறவை எப்போது முடிப்பது?

அவரைத் தேடி வேறொருவர் வரத் தொடங்கும்போது. எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் பிலிப்பு ஏறி உட்கார்ந்தது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். ஏசாயாவின் ஒரு பகுதி, ஒரு கேள்வி, ஒரு விடை, வழியில் தண்ணீர், ஞானஸ்நானம். கரையேறியபின் மந்திரி பிலிப்புவை அப்புறம் காணவில்லை. சந்தோஷத்தோடே தன் வழியே போனான் (அப்போஸ்தலர் 8:39).

பத்தொன்பதாவது வாரம் வராமல் போன அந்த இளைஞரைப் பற்றிக் கேட்பீர்கள். ஏழு ஆண்டு கழித்து ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். தன்னோடு வேலை செய்யும் ஒருவர் மாற்கு சுவிசேஷம் வாசிக்க ஆசைப்படுவதாகவும், முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். வீட்டில் எப்படி என்று கேளுங்கள் என்றேன்.